ரிவெட் இல்லாத இத்தாலியப் பீரங்கி

எனக்குத் தெரிந்த போர்க்கலை முழுவதும் ஒரு டி-ஷர்ட்டுக்காகப் படித்தது. அதுவும் நான் போட்டுக்கொள்வதற்கு இல்லை, ஏற்றுமதிக்கு. அருள்புரத்தில் என் மச்சினனுடைய பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டுக்காரர் கேட்பதை உள்ளூர்க்காரருக்குப் புரியவைத்து, உள்ளூர்க்காரர் செய்துவைத்ததை வெளிநாட்டுக்காரர் பொறுத்துக்கொள்ளும்படி செய்வதற்குப் பெயர் மெர்ச்சண்டைசிங். திட்டு இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். சம்பளம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரும்.

அதற்கு முன்னால் நானும் முதலாளியாக இருந்தவன்தான். அந்தக் கதையை விட்டுவிடலாம். திருப்பூரில் மூடிய கம்பெனிகளின் கதைகளைக் கேட்க ஆரம்பித்தால் யாரும் வேலைக்குப் போக முடியாது. கம்பெனியை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவியின் தம்பி வந்தார். "ஏனுங்க மாமா, சும்மா ஊட்டுல இருக்கறதுக்கு நம்ம கம்பெனிக்கு வந்துருங்க" என்றார். மரியாதையாகத்தான் கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் ஆளைக் கீழே இறக்குவதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் இறக்குவார்கள்.

முதலில் எனக்குக் கிடைத்தது வாசலோரம் கேட் பாஸில் கையெழுத்துப் போடும் நாற்காலி. சரக்கு வெளியே போனால் ஒரு கையெழுத்து, உள்ளே வந்தால் ஒரு கையெழுத்து. என்ன போகிறது, என்ன வருகிறது என்று நான் பார்க்க வேண்டிய அவசியமில்லை என்று மச்சினனே சொல்லிவிட்டார். ஒரு காலத்தில் முன்னூறு தையல் மெஷின் ஓட்டியவன் ஒரு பேனாவை ஓட்டிக்கொண்டிருந்தேன். அவமானமாகத்தான் இருந்தது. வீட்டில் மனைவியிடம் சொன்னால் அவர்கள் தம்பியைக் குறை சொன்ன மாதிரி ஆகும் என்று சொல்லவில்லை.

அப்போதுதான் அந்த இத்தாலிக்காரரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. என் பழைய கம்பெனியின் விலாசத்துக்கு எழுதியிருந்தார். எங்களிடம் சரக்கு வாங்கும் பையர்களில், கம்பெனி செத்துப்போன செய்தி போய்ச் சேராத ஒரே ஆள் அவர்தான் போல. வட இத்தாலியில் ஒரு சிற்றூரில், போர்க்கால வண்டிகள் வைத்திருக்கும் ஓர் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் சின்னக் கடை நடத்துகிறார். பழைய ராணுவ வண்டிகள் மேல் பைத்தியமாக இருப்பவர்கள் வாங்கும் டி-ஷர்ட் வேண்டும். முதலில் ஒரு டிசைன், நன்றாகப் போனால் இன்னும் மூன்று.

மச்சினனிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் கொண்டுவந்த முதல் ஆர்டர் அது. "சின்ன ஆர்டர்தானுங்க மாமா. இருந்தாலும் நீங்களே பாருங்க. ஒழுங்காப் போச்சுன்னா அந்த மூணு டிசைனும் உங்களுதுதான். மெர்ச்சண்டைசிங்லயே ஒக்காந்துக்குங்க. இல்லீன்னா என்னங்க, கேட்டுக்கு ஆள் வேணுமில்ல" என்றார். அத்தனை இனிப்பாகச் சொன்னதால் அது மிரட்டல் என்று எனக்குப் புரிய சாப்பாட்டு நேரம் வரை ஆயிற்று.

படம் வந்தது. கம்பெனியில் பார்த்தவர்கள் எல்லோரும் 'டேங்க்' என்றார்கள். நானும் பதிலில் டேங்க் என்றே எழுதிவிட்டேன். மறுநாள் அவரிடமிருந்து ஒரு நீண்ட பாடம் வந்தது. டேங்குக்கு மேலே சுழலும் தலை இருக்கும், இதற்குக் கிடையாது. இது தானே ஓடும் பீரங்கி. என் அப்பா இதில்தான் போருக்குப் போனார். தயவுசெய்து இதை டேங்க் என்று சொல்ல வேண்டாம்.

பையர்களுக்கு எப்போதும் ஓர் அப்பா இருப்பார். ஒருவருடைய அப்பா பருத்தி வியாபாரியாக இருந்தவர், இன்னொருவருடைய அப்பா இந்தியாவை நேசித்தவர். விலை பேசும் நேரத்தில்தான் அந்த அப்பாக்கள் எழுந்து வருவார்கள். இவருடைய அப்பா விலையெல்லாம் முடிந்த பிறகு வந்தார் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. மெர்ச்சண்டைசர் நாற்காலி கைக்கு வராமல் போய்விடுமே என்ற பயத்தில் அந்த வண்டியைப் பற்றி இணையத்தில் படிக்க உட்கார்ந்தேன்.

வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இத்தாலியர்கள் வைத்திருந்த டேங்குகளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதியவரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். தகடு மெல்லிசு, எஞ்சின் சோனி, பீரங்கி சிறுசு. கூட்டாளி ஜெர்மனிக்காரன் தலையில்லாத பீரங்கி வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு வெளுத்துவாங்குவதைப் பார்த்தார்கள். புதிதாக ஒன்றைச் செய்ய அவகாசமில்லை. இருக்கிற டேங்கின் தலையை எடுத்தார்கள். முன்பக்கம் ஒரு குட்டைப் பீரங்கியைச் சொருகினார்கள். புதிய ஆயுதம் தயார். படிக்கும்போது எனக்கு இத்தாலி வேற்று நாடாகவே தெரியவில்லை. பழைய மெஷினின் அடிப்பாகத்தில் வேறு மோட்டாரை ஏற்றி, பெயின்ட் அடித்து, இம்போர்ட்டட் என்று விற்கும் ஊரில்தானே நானும் இருக்கிறேன்.

அதற்குப் பெயர் எழுபத்தைந்து பை பதினெட்டு. எழுபத்தைந்து என்பது குழாயின் வாய் அகலம், மில்லிமீட்டரில். பதினெட்டு என்பது அந்த வாய் அகலத்தைப் போல் குழாய் எத்தனை மடங்கு நீளம் என்பது. பதினெட்டு மடங்கு என்றால் பீரங்கிகளில் குள்ளம். இடமும் வலமும் கொஞ்சம்தான் திரும்பும். அதற்கு மேல் குறிபார்க்க வேண்டுமானால் முழு வண்டியும் திரும்ப வேண்டும். உள்ளே மூன்று பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் ஓட்டுவார். தலைவராக இருப்பவரே குறிபார்த்துச் சுடவும் வேண்டும். மூன்றாவது ஆள் குண்டு போடுவார், வயர்லெஸ்ஸும் அவர் தலையில்தான். ஆள்குறைப்பு எங்கள் மச்சினனுடைய கண்டுபிடிப்பு என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் மெர்ச்சண்டைசர் ஆன பிறகும் கேட் பாஸ் கையெழுத்து என்னிடமேதான் இருந்தது. வேறு ஆள் போடவில்லை.

கொடுமை என்னவென்றால், அந்த ஒட்டுப்போட்ட வண்டி வேலை செய்தது. உயரம் குறைவு என்பதால் மணல்மேட்டுக்குப் பின்னால் பதுங்கிக்கொள்ளும். நல்ல குண்டு கிடைத்த நாளில் எதிரியின் பெரிய டேங்கையும் ஓட்டை போடும். இத்தாலியர்களுடைய சொந்த டேங்குகளைவிட அதுதான் உருப்படி என்று எல்லோருமே எழுதுகிறார்கள். அதனால் போதுமான அளவுக்குச் செய்யவில்லை. நன்றாகப் போகிற அயிட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தைத்துக் குவிக்கும் கம்பெனிகளை எனக்கு நிறையத் தெரியும்.

அதோடு நிறுத்தினார்களா என்றால் இல்லை. குட்டி டேங்கின் மேல் குட்டிப் பீரங்கி வைத்து, கூரையில்லாமல் ஒன்று. தொண்ணூறு மில்லிமீட்டரில் பெரிய பீரங்கியாக இன்னொன்று. அதை வண்டியில் ஏற்றிய பிறகுதான் குண்டு வைக்க இடமில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். கையளவு குண்டோடு இது முன்னால் போக, மீதிக் குண்டுகளைச் சுமந்துகொண்டு பின்னால் வேறொரு வண்டி போக வேண்டும். சுடுகிறவர்கள் வெட்டவெளியில் நின்று சுட வேண்டும். ரஷ்ய டேங்குகளை உடைப்பதற்கென்று செய்தது, ரஷ்யாவைப் பார்க்காமல் சிசிலித் தீவில் போய் நின்றது. ஸ்வெட்டர் தைத்து துபாய்க்கு அனுப்பியவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். கடைசியாக நூற்றைந்து மில்லிமீட்டரில் உண்மையிலேயே நல்லதாக ஒன்றைச் செய்தார்கள். அது பட்டாளத்துக்குப் போய்ச் சேர ஆரம்பித்த நேரத்தில் இத்தாலி சரணடைந்துவிட்டது. ஜெர்மனிக்காரன் அப்படியே எடுத்து ஓட்டிக்கொண்டு போனான். டெலிவரி தேதி தவறிய சரக்கை வேறொருவன் அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இந்த வண்டிகளுக்கு ஓர் அடையாளம் உண்டு. தகடுகளைப் பற்றவைக்காமல் ரிவெட் என்னும் தலை பெருத்த ஆணியும் போல்ட்டும் அடித்துத்தான் இணைத்திருந்தார்கள். உடம்பு முழுக்க ஓரம் ஓரமாகக் குமிழ்கள் வரிசை கட்டி நிற்கும். படத்தில் ஒவ்வொரு குமிழும் ஒரு வெளிர்ப் புள்ளி. சாம்பிள் பீஸை எங்கள் கம்பெனியிலேயே டிஜிட்டல் மெஷினில் அடித்து அனுப்பினேன். 'ரிவெட்டுகள் அருமை, அப்படியே செய்யுங்கள்' என்று பதில் போட்டார். நூற்பாலையிலிருந்து தையல் வரைக்கும் இத்தனை பேர் உழைத்த சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மொத்தச் சரக்குக்கு டிஜிட்டல் கட்டாது. ஸ்கிரீன் பிரிண்டிங்குக்குக் கொடுத்தோம். படத்தை நிறம் நிறமாகப் பிரித்து, நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடிப்பார்கள். அடிப்பவர் சாமளாபுரத்தில் தறி ஓட்டிய குடும்பத்துக்காரர். தறியை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்து நன்றாக இருக்கிறார். பிரிண்டிங் மேசைக்கு மேலே முருகன் படம், அதற்குக் கீழே 'தவறு இல்லாத வேலை' என்று அவரே எழுதி ஒட்டிய அட்டை. இரண்டுக்கும் தினமும் பூ வைப்பார்.

மொத்தச் சரக்கையும் அடிப்பதற்கு முன்னால் ஸ்கிரீனில் ஒரு பிரிண்ட் எடுத்து, அதைப் பார்த்து ஓகே சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய நான் அன்றைக்கு மடத்துக்குளத்தில் இருந்தேன். மச்சினனுடைய மாமனார் வகையில் ஒரு கல்யாணம். "நீங்க போனாத்தானுங்க மரியாதை, மூத்த மாப்பிள்ளை இல்லீங்களா" என்று என்னை அனுப்பிவைத்தார். கல்யாணத்துக்கு மொய் வைக்கப் போகும்போது மட்டும் நான் மூத்த மாப்பிள்ளை. பந்தியில் இரண்டாவது முறை ரசம் வாங்கிக்கொண்டிருந்தபோது அருள்புரத்தில் மச்சினன் அந்தப் பிரிண்டைப் பார்த்து, "சூப்பருங்க, அடிச்சுருங்க" என்று சொல்லியிருக்கிறார்.

கல்யாணம், மறுவீடு எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது சட்டைகள் அச்சாகி, தைத்து, மடித்து, அட்டைப் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்து விரித்தேன். கரும்பச்சைத் துணியில் மணல் நிறத்தில் வண்டி. மழமழவென்று, சோப்புக் கட்டி போல இருந்தது. ஒரு ரிவெட் இல்லை. இன்னொன்றை விரித்தேன். அதிலும் இல்லை. இத்தாலியின் எஃகு ஆலைகள் போர் முடியும் வரை செய்ய முடியாததை, என் ஆட்கள் நான் ரசம் சாப்பிட்ட நேரத்தில் செய்து முடித்திருந்தார்கள்.

பிரிண்டிங்காரரை வரச்சொன்னேன். பாராட்டுக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து நெற்றி நிறைய விபூதியோடு வந்தார்.

"ஏனுங்ணா, பிரிண்ட்டு கண்ணாடி மாதர இருக்குதில்லீங்க?"

"ஓரத்துல வரிசையாப் புள்ளி இருந்துச்சே, எங்கீங்க?"

"அந்தத் தையல் மார்க்குங்களா? உங்க ஆர்ட்டிஸ்ட்டு அழிக்காம அப்படியே உட்டுட்டாருங்ணா. நல்லவேளை நான் பாத்தனுங்க. ஒரு நாள் பூரா ஒக்காந்து, ஸ்கிரீன்ல இருந்த ஓட்டையெல்லாம் பிரஷ்ஷுல ஒன்னொன்னா அடைச்சுட்டனுங்க."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அந்தப் படத்தை அவர் கண்ணால் பார்த்தேன். தகட்டின் ஓரத்தை ஒட்டி, சம இடைவெளியில், வரிசையாகப் புள்ளிகள். திருப்பூரில் பிறந்தவனுக்கு அது வேறு என்னவாகத் தெரியும்? நாங்கள் துணி வெட்ட வைத்திருக்கும் பேட்டர்ன் எல்லாவற்றிலும் புள்ளிக்கோடு போட்டால் இங்கே தையல் வரும் என்று அர்த்தம். அச்சில் வரவே கூடாது. முன்பு ஒருமுறை வேறு கம்பெனியின் வேலையில் அப்படி ஒரு புள்ளிக்கோடு சட்டையில் அச்சாகி, மொத்தச் சரக்கும் திரும்பி வந்து, பழி இவர் தலையில் விழுந்திருந்தது. அன்றிலிருந்து புள்ளிக்கோட்டைக் கண்டால் இவர் விடுவதில்லை. பீரங்கி வண்டியை யாராவது தைப்பார்களா என்று கேட்டேன். "இந்த ஊர்ல எதைத்தாங்ணா தைக்கல?" என்றார்.

மேலே புள்ளியை மட்டும் திரும்ப அடிக்க முடியாதா என்று கேட்டேன். மேசையிலிருந்து எடுத்துத் தைத்த துணியை மறுபடி அதே இடத்தில் உட்காரவைக்க முடியாது, ரிவெட்டெல்லாம் சக்கரத்தின் மேல் போய் விழும் என்று சொல்லிவிட்டு, முகம் செத்துப்போய் நின்றார்.

மச்சினன் விஷயத்தைக் கேட்டார். சட்டையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முன்ன இருந்ததுக்கு இது நல்லாத்தான இருக்குதுங்க மாமா? போட்டுக்கறவன் சண்டைக்கா போறான்? பெட்டியைக் கட்டச் சொல்லுங்க. இன்னைக்கு வண்டி கெளம்பியாகணும்."

"பையர் ஒத்துக்க மாட்டாருங்க மாப்ள."

"அவரு கடையில பெட்டிய ஒடைக்கறப்பப் பாத்துக்கலாமுங்க. இப்பச் சொன்னீங்கன்னா ஆர்டர் போச்சு. போனா யாருக்கு நஷ்டம்னு நான் சொல்ல வேண்டியதில்லீங்க."

யாருக்கு என்று எனக்குத் தெரியும். வாசலோர நாற்காலி அவருடைய தோளுக்குப் பின்னால் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பேசாமல் இருந்தால் சரக்கு போய்விடும். இத்தாலிக்காரர் கோபப்பட்டு எழுதுவார், நாங்கள் 'ஆழ்ந்த வருத்தம்' என்று எழுதுவோம், கொஞ்சம் தள்ளுபடி கொடுப்போம். எங்கள் தொழிலில் ஆழ்ந்த வருத்தத்துக்கு ரெடிமேட் வாசகம் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. ஆனால் டேங்க் என்று சொன்னதற்கே ஒரு பக்கம் எழுதிய மனுஷன். என் மூடிய கம்பெனியின் பெயரை நம்பி வந்த ஒரே ஆள். அவரை ஏமாற்றினால் அந்தப் பெயரிலும் ஒன்றும் மிஞ்சாது என்று தோன்றியது. லாரி டிரைவர் கேட் பாஸை நீட்டினார். நான் கையெழுத்துப் போடவில்லை.

மச்சினன் ஏதாவது சொல்வதற்கு முன்னால் இத்தாலிக்காரரை வீடியோவில் கூப்பிட்டேன். எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, அவர் அப்போதுதான் கடையைத் திறந்துகொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய, வழுக்கை விழுந்த, கழுத்தில் கண்ணாடி தொங்கவிட்ட மனிதர். நடந்ததைச் சொன்னேன். தையல் மார்க் விஷயத்தை இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது. சட்டையைக் கேமராவுக்கு முன்னால் பிடித்தேன்.

இன்னும் பக்கத்தில் கொண்டுவாருங்கள் என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். பின்னால் மச்சினன் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார், பிரிண்டிங்காரர் வாசலில் கைகட்டி நின்றார்.

எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று அவர் மெதுவாகச் சொன்னார். இதை விற்க முடியாது என்று அடுத்த வாக்கியத்தில் சொன்னார். அவர் ஊரில் இந்தச் சட்டையை வாங்க வருகிறவர்கள் முதலில் ரிவெட்டைத்தான் பார்ப்பார்களாம். அப்புறம் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அப்பா வண்டியின் மூன்றாவது ஆள், குண்டு போடுகிறவர். பாலைவனத்தில் ஒரு நாள் எதிரியின் குண்டு முன்தகட்டில் வந்து மோதியது. தகடு தாங்கிவிட்டது, குண்டு உள்ளே வரவில்லை. மோதிய வேகத்தில் ஒரு ரிவெட்டின் உள்பக்கத் தலை தெறித்து வந்து அப்பாவின் இடது கண்ணில் பாய்ந்தது. எதிரியின் குண்டு விட்டுவைத்த கண்ணைச் சொந்த வண்டியின் ஆணி எடுத்துக்கொண்டது. ஒற்றைக் கண்ணோடுதான் ஊர் திரும்பினார், ஒற்றைக் கண்ணோடுதான் இவரைத் தூக்கி வளர்த்தார்.

நான் அந்த வண்டியைப் பற்றிப் படித்ததெல்லாம், படித்துவிட்டுச் சிரித்ததெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. கஷ்டமாக இருந்தது. மன்னியுங்கள் என்று சொன்னேன். ரெடிமேட் வாசகம் வாயில் வரவில்லை.

புதிதாக ரிவெட்டோடு அடித்துக் கொடுங்கள், கூடுதலாக மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். மற்ற மூன்று டிசைனுக்கும் நீங்களே இருந்து பாருங்கள் என்றும் சொன்னார். இங்கிலீஷ் அரைகுறையாகத் தெரிந்த மச்சினனுக்கு அந்த 'மூன்று' மட்டும் தெளிவாகப் புரிந்தது. அவர் முகம் மலர்ந்து, "கேட்டுக்கு ஒரு ஆளைப் பாக்கச் சொல்லணுமுங்க மாமா" என்றார். பிரிண்டிங்காரர், "புள்ளி ஒன்னு கொறையாம நானே வெக்கறனுங்ணா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தாலிக்காரர் சொன்னது அவருக்கு ஒரு வார்த்தையும் விளங்கியிருக்காது. தப்பித்தோம் என்று மட்டும் தெரிந்திருக்கும்.

அச்சாகிப்போன சட்டைகளை என்ன செய்வீர்கள் என்று இத்தாலிக்காரர் கேட்டார். உங்கள் படம் என்பதால் வெளியே விற்க மாட்டோம், வெட்டிப்போடுவோம் என்றேன். ஒன்றை மட்டும் வெட்டாமல் எனக்கு அனுப்ப முடியுமா என்றார். ரிவெட் இல்லாத அந்த வண்டியை வீட்டில் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைக்க வேண்டுமாம். அவருடைய தோள் அகலத்தைத் திரையில் பார்த்துவிட்டு, எக்ஸ்எல் அனுப்பட்டுமா என்று தொழில் பழக்கத்தில் கேட்டேன்.

"ஸ்மால் போதும், அப்பாவுடைய சைஸ் அதுதான்" என்றார். "சின்ன உடம்பு. அதனால்தான் அவரை அதற்குள் உட்காரவைத்தார்கள்."